பாடாலூரில் திரும்பினால் கடல்

கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் பறக்கும் கார்களுக்குப் பெரம்பலூர் மாவட்டம் என்பது ஒரு டீ, ஒரு சுங்கச்சாவடி, அவ்வளவுதான். பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் அறுத்த காடு, பருத்திக் கொல்லை, தூரத்தில் ஒரு மொட்டைக் குன்று. பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கத்துச் சீமையில் கிளிஞ்சல்களும் சுருள் கற்களும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அடுத்து வந்த எச். எஃப். பிளான்ஃபோர்ட் திருச்சி, தென்னாற்காடு வட்டாரங்களை அளந்து வரைபடம் போட்டு, பாறைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். அவருடைய அறிக்கை 1862-இல் வெளிவந்தது. உலகில் எந்த மூலையில் டைனோசார் காலத்துக் கடலைப் பற்றிப் படிப்பவருக்கும் ஊட்டத்தூர் தெரியும். திருச்சியில் பஸ் ஏறுகிறவருக்கு அது எந்த வழித்தடம் என்று தெரியுமா என்பது சந்தேகம்.

ஆக, ஒரே நாளில் பார்த்து முடிக்கக்கூடிய ஒரு கோடைப் பயணம் இங்கே இருக்கிறது. மலை கிடையாது, அருவி கிடையாது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் கல்தான்.

விடியற்காலையில் தொடங்க வேண்டும். பாடாலூரில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி, காரை என்ற ஊருக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள் ஆறரை மணிக்குள் அங்கே இருந்தால் நல்லது. அக்னி நட்சத்திரத்தில் ஒன்பது மணிக்குமேல் அந்த நிலத்தில் நிற்க முடியாது. நிழலுக்கு ஒரு வேலிக்கருவை கிடைத்தால் உண்டு.

காரை என்பது சின்ன ஊர். ஊரைத் தாண்டியதும் நிலம் சட்டென்று கிழிந்து கிடக்கும். மழைத் தண்ணீர் களிமண்ணை அறுத்து அறுத்து ஓடைகளாகவும் கூர்மேடுகளாகவும் ஆக்கி வைத்திருக்கிறது. சாம்பல், மஞ்சள், செங்காவி என்று அடுக்கடுக்காக நிறம். படம் பிடிக்க வரும் இளைஞர்கள் இதை அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனோடு ஒப்பிடுகிறார்கள். அது கொஞ்சம் அதிகம். ஆனால் காலடியில் கிடப்பதைப் பார்த்தால் ஒப்பிடவே தேவையிருக்காது.

குனிந்து பார்க்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது கண்ணாடிச் சில்லுபோல வெயிலில் மின்னும் தகடுகள். அது ஜிப்சம். நகத்தால் கீறினாலே கோடு விழும். பள்ளிக்கூடத்து சாக்பீஸ் இந்த வகைக் கல்லிலிருந்து வருவதுதான். சிமெண்ட்டில் சிறிதளவு சேர்த்தால், அது கொத்தனார் கையில் உடனே இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இதுவே. அடுத்து, சுண்டுவிரல் பருமனில், ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா மாதிரி பழுப்பு நிறக் கல். பெலம்நைட் என்பது அதன் பெயர். கணவாய் மீனுக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு கடல் பிராணியின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பாகம் அது. சுறாவின் பற்களும் இந்தக் களிமண்ணில் கிடைத்திருக்கின்றன. நடுக்காட்டில், வங்கக் கடலுக்குப் பல மைல் தள்ளி, சுறாப் பல்!

ஆடு மேய்க்க வரும் பெரியவர்கள் இப்படிக் குனிந்தபடி நடப்பவர்களைப் பார்த்து, "எதயும் தொலைச்சிட்டீங்களா தம்பி?" என்று கேட்பதுண்டு. கேள்வி சரிதான். தொலைந்தது ஒரு கடல்.

அந்தக் கடல் எப்படி வந்தது? இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. தென்துருவப் பக்கத்தில் அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எல்லாம் சேர்ந்த கோண்டுவானா என்ற பெருநிலத்தின் ஒரு துண்டாக இருந்தது. அந்த நிலம் பிளந்தபோது கிழக்கு ஓரத்தில் பள்ளங்கள் விழுந்தன. அவற்றில் ஒன்றுதான் இன்றைய காவிரிப் படுகை. பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இப்படிப் பத்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு தொடங்கி, டைனோசார்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லையையும் தாண்டி நடந்தது. ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் ஓடுகளும் படிந்தன. மேற்கே பாடாலூர்ப் பக்கம் பழைய படிவு, கிழக்கே போகப் போகப் புதியது. ஆகவே வண்டியை மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, காலத்தில் முன்னோக்கி ஓட்டுகிறார்.

காரையிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் சாத்தனூர். வழி கேட்க "கல்மரம்" என்ற ஒரு சொல் போதும். ஆலத்தூர் கேட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே சொல்தான் வழிகாட்டி.

ஓடைப் பள்ளத்தில், வேலிக்குள், ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். பதினொரு ஆட்கள் தலைக்குக் கால் வைத்து வரிசையாகப் படுத்தால் அவ்வளவு வரும். பட்டைச் சுருக்கம் தெரிகிறது, நாரோட்டம் தெரிகிறது. தட்டினால் மரமல்ல, கல். வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. பூக்கிற மரங்கள் உலகில் பரவி வளர்வதற்கு முந்தைய ஊசியிலை வகை இது. நம்மூர் மாமரத்துக்கும் வேம்புக்கும் இது மூதாதை அல்ல. பைன் மரத்துக்குத்தான் தூரத்துச் சொந்தம்.

மரம் கல்லானது மந்திரத்தால் அல்ல. கரையில் நின்ற மரம் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடலில் மூழ்கிச் சேற்றில் புதைந்தது. காற்று படாததால் உளுத்துப்போகவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு கண்ணறைக்குள்ளும் ஊறி, மரம் கரைந்த இடத்தில் எல்லாம் தான் உட்கார்ந்துகொண்டது. வீடு இருந்தபடியே இருக்கக் குடியிருந்தவர் மட்டும் மாறிய கதை.

1940-இல் இந்த மரத்தைப் பதிவு செய்தவர் எம். எஸ். கிருஷ்ணன். பிற்பாடு, 1951-இல், புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர். அவர் இதைத் தேசியச் சொத்தாகப் பார்த்ததால்தான் இன்று வேலியும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் கல்மரங்கள் உண்டு, எண்ணிக்கையில் அதிகம். ஆனால் அவற்றின் வயது இரண்டு கோடி ஆண்டு சுமார். சாத்தனூர் மரத்துக்கு முன்னால் அவை பேரன் பேத்திகள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மரத்தின் மேல் ஏறி நின்று படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. 12 கோடி வருஷம் தாங்கியதை ஒரு செல்ஃபி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், அடுத்து அரியலூர்ப் பக்கம் போனதும் பதிலைக் கேட்கலாம்.

அதற்கு முன் குன்னம். 2020 அக்டோபரில் குன்னத்தில் ஒரு குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. சிறிதும் பெரிதுமாக, பந்துபோல. டைனோசார் முட்டை என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. அது கொரோனாக் காலம், ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். கேட்க வேண்டுமா? புவியியல் அறிஞர்கள் பார்த்துவிட்டு, முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட கல் உருண்டை என்றார்கள். அம்மோனைட் என்பது நத்தைபோலச் சுருண்ட ஓடு கொண்ட கடல் பிராணி. கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் இதே வகைப் பிராணி. அது செத்துச் சேற்றில் விழுந்து அழுகும்போது சுற்றியுள்ள சேற்றின் ரசாயனம் மாறும். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதைச் சுற்றிப் படலம் படலமாக இறுகும். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டத்தில் இதை விளக்குவது சுலபம். நடுவில் குருத்து, சுற்றிலும் தோல் மேல் தோல்.

இந்தப் பந்துக் கற்களைப் பார்க்கிறவருக்கு அமெரிக்கா ஞாபகம் வந்தால் தப்பில்லை. அங்கே கோடை என்றால் பேஸ்பால். குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக மைதானங்களையும் பழைய வீரர்களின் ஊர்களையும் தொட்டுக்கொண்டு போவது ஒரு தலைமுறை வழக்கம். அந்த யாத்திரையில் தவறாத தலம் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன். 1839-இல் டபிள்டே என்பவர் அந்த ஊரில்தான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை கிளம்பியது. அதை நம்பி 1939-இல் அங்கே புகழ்மாடம் ஒன்று திறந்தார்கள். கதை பொய் என்று வரலாற்றாசிரியர்கள் எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். கூட்டம் குறையவில்லை. பொய்யான கதை மெய்யான அருங்காட்சியகத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டது. குன்னத்து முட்டைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பொய் என்று தெரிந்ததும் ஊரும் செய்தியும் சேர்ந்தே அடங்கிவிட்டன. உண்மை அதைவிடப் பெரியது என்பதைச் சொல்ல ஒரு பலகையாவது குளக்கரையில் இருக்கலாம்.

நிஜ முட்டை வேண்டுமென்றால் கிழக்கே செந்துறைக்குப் போக வேண்டும். 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் செந்துறைப் பகுதியில் டைனோசார் முட்டைகள் கொத்துக் கொத்தாகக் கிடப்பதாக அறிவித்தார்கள். ஒவ்வொன்றும் 13 முதல் 20 சென்டிமீட்டர் குறுக்களவு. பேஸ்பாலோ கிரிக்கெட் பந்தோ ஏழு சென்டிமீட்டர் சொச்சம்தான். கால்பந்து 22. முட்டைகள் இரண்டுக்கும் நடுவில். மணலில் குழி பறித்து இட்டவை. செய்தி உலகம் முழுக்கப் போனது. இன்று செந்துறையில் இறங்கி முட்டை எங்கே என்று கேட்டால், டீக்கடையில் ஆம்லெட் போடவா என்பார்கள்.

செந்துறைக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் கல்லமேடு வருகிறது. இந்தப் பயணத்தின் பெரிய கதை அங்கே நடந்தது. பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

கல்லமேட்டு மணற்பாறையில் எலும்புகள் உண்டு என்பது வெள்ளைக்காரர் காலத்திலேயே தெரியும். சார்லஸ் மேட்லி என்பவர் 1929-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிறகு புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் இங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளை 1987 தேதியிட்ட கட்டுரையில் விவரித்தார்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு மட்டும் 2 மீட்டர். ஆள் உயரத்தைத் தாண்டிய கணைக்கால்! முதலில் அதை இறைச்சி தின்னும் டைனோசார் என்று எண்ணினார்கள். பிறகு நீண்ட கழுத்துக்காரத் தாவர உண்ணி என்று திருத்தினார்கள். வைத்த பெயர் பிருஹத்காயோசாரஸ் மேட்லியி. பெருத்த உடம்புக்காரப் பல்லி என்று பொருள். முன்பு வந்த மேட்லியின் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டது. 2023-இல் வெளியான ஒரு கணக்குப்படி அதன் எடை 110 டன்னுக்கும் மேல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் பூமியில் நடந்த பிராணிகளிலேயே மிகப் பெரியது என்ற பட்டத்துக்கு அரியலூர் மாவட்டத்து ஆள் போட்டியில் இருக்கிறார்.

ஆனால் எலும்பு இல்லை.

பாறையே உதிரி. எலும்பும் உதிரி. சுற்றிலும் மாவுக்கட்டுப் போட்டும் மழை வந்து ஈரம் ஊறியதில் எலும்புகள் பொடிந்துபோயின. மிஞ்சியவை கோட்டோவியங்களும் சில பழைய புகைப்படங்களும்தான். அந்தப் படங்கள் 2022-இல்தான் ஆய்விதழில் அச்சேறின. அதுவரை, இப்படி ஒரு மிருகம் இருந்ததா, அது வெறும் கல்மரத் துண்டா என்று வெளிநாட்டு அறிஞர்கள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சாத்தனூரில் மரத்துக்கு வேலி போட்ட அதே துறை, முப்பது மைலுக்குள், ஓர் எலும்பை மழைக்குக் கொடுத்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவருக்கு ஒரு கொட்டகைத் தகரத்தின் மதிப்பு தெரியும். அதே கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு சின்னப் பல் தப்பித்தது. அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த ட்ரூடான்டிட் என்ற டைனோசார் குடும்பம் இந்தியாவிலும் இருந்தது என்று அந்தப் பல்லை வைத்து 2013-இல் எழுதினார்கள்.

மதியத்துக்குள் அரியலூர். ஊரே ஒரு வெளுத்த நிறத்தில் இருக்கும். லாரிகள் எழுப்பும் தூசி மரத்து இலைகளில் படிந்து கிடக்கும். தண்ணீர் கடினத் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளை ஏடு கட்டும், பருப்பு வேக நேரமாகும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. ஊர் உட்கார்ந்திருப்பது சிப்பிகளின் மேல். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை என்று புவியியலார் பெயர் வைத்திருக்கும் அந்த அடுக்கை உடைத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த வளைந்த சிப்பிகள் கல்லோடு கல்லாக அடுக்கியிருக்கும். ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலில் கோடிக்கணக்கில் வாழ்ந்து செத்தவை.

அந்தச் சிப்பிதான் சிமெண்ட். சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துக் களிமண் சேர்த்து 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டு, வந்த கட்டிகளை ஜிப்சத்தோடு அரைத்தால் மூட்டை தயார். ஒரு டன் சிமெண்ட்டுக்குச் சுமார் ஒன்றரை டன் கல். அரசு ஆலையான டான்செம் தொடங்கித் தனியார் ஆலைகள் பலவும் அரியலூரைச் சுற்றி நிற்பது இதனால்தான். தமிழ்நாட்டில் புது வீடு கட்டியவர் சுவரில் அரியலூர்ச் சிப்பி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சுரங்கங்களைத் திட்டுவது எளிது. ஆனால் அறிஞர்கள் அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் அடுக்கு கலையாமல் பார்த்ததே பெரும்பாலும் சுரங்கச் சுவர்களில்தான். வெட்டாத இடத்தில் மண் மூடிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. வெட்டிய இடத்தில் தெரியும், ஆனால் அடுத்த வாரம் அந்தச் சுவர் சூளைக்குப் போய்விடும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் வாரணவாசி அருங்காட்சியகம் வருகிறது.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் சாலையில் போனால் வாரணவாசி. புதைபடிவங்களுக்கென்றே அரசு கட்டிய அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. காலையில் களிமண்ணில் பார்த்த துண்டு துணுக்குகளின் முழு உருவம் இங்கே கண்ணாடிக்குள் கிடைக்கும். உச்சி வெயிலுக்கு ஒதுங்க இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை. பிள்ளைகள் டைனோசார் சிலையைப் பார்க்க ஓடுவார்கள். பெரியவர்கள் அம்மோனைட் வரிசையில் நிற்பது நல்லது. ஓட்டின் உள்ளே அறை அறையாகத் தடுப்புகள், தடுப்பு ஓட்டைத் தொடும் இடத்தில் கோலம்போல நெளியும் கோடு. அந்தக் கோட்டின் நெளிவை வைத்துத்தான் எந்த இனம், எந்தக் காலம் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

கல்லங்குறிச்சிக்கு இன்னொரு புகழும் உண்டு. அங்குள்ள கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவர் சிலை அல்ல, ஒரு கல் கம்பம். ராம நவமியை ஒட்டிய திருவிழாவுக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்து விவசாயிகள் திரள்வார்கள். கல் பார்க்கும் நாளில் இதை விட்டுவிட்டுப் போக முடியாது.

ரயில் பாலத்தையும் விட முடியாது. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலம் 1956 நவம்பர் 23 விடியற்காலையில் வெள்ளத்தில் பழுதாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மே மாதத்தில் அந்த ஆற்றைப் பார்க்கிறவருக்கு இதை நம்புவது கஷ்டம். மணலில் ஆட்டுக் குளம்படிதான் இருக்கும். தற்செயலாக, பெரம்பலூரிலிருந்து 2001-இல் பிரிந்து 2002-இல் மறுபடி சேர்க்கப்பட்ட அரியலூர், கடைசியாகத் தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23 அன்றுதான், 2007-இல்.

நேரம் இருப்பவர்கள் கரைவெட்டி ஏரிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கோடையில் கேட்க வேண்டாம். 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நல்ல ஏரிதான். ஆனால் பறவைகள் மார்கழி, தை விருந்தாளிகள்.

பின்மாலையில் ஜெயங்கொண்டம் சாலை. செம்மண் மேட்டில் முந்திரிக் காடுகள் தொடங்கும். கோடைதான் முந்திரிக்கு மகசூல் காலம். மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கும் பழத்தைப் பறித்து உப்புத் தொட்டுத் தின்றால் தொண்டை கரகரக்கும், ஆனாலும் இன்னொன்று கேட்கும். கொட்டையைச் சுடும் புகை வாசனை காருக்குள் வரும்.

வெயில் இறங்கும்போது கங்கைகொண்ட சோழபுரம் வந்து சேர்ந்தால் கணக்குச் சரி. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் தலைநகரை இங்கே மாற்றினான். சுமார் 250 ஆண்டு சோழர் ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது. கோயில் 2004 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. புதைபடிவப் பயணத்தில் கோயிலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முதல் காரணம் பெயர். இறைவன் பிரகதீஸ்வரர். கல்லமேட்டுப் பல்லிக்கு வைத்த பெயரில் முன்னால் நிற்கும் அதே "பிருஹத்" தான் இதிலும் நிற்கிறது. பெரியது என்று பொருள். இரண்டாவது காரணம் கல். இந்தக் கருங்கல் இந்த மண்ணில் கிடைப்பதில்லை. கிழக்கே வர வர இது மணலும் வண்டலும் உள்ள பூமி. எங்கிருந்தோ இழுத்து வந்துதான் விமானத்தை எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் மாளிகைமேட்டில் அரண்மனையைச் செங்கல்லில் கட்டினார்கள். தோண்டிப் பார்த்தால் அடித்தளம் மட்டும் கிடக்கிறது.

கோயிலும் முழுசாகத் தப்பவில்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட ஆங்கிலேயர்களுக்குக் கல் தேவைப்பட்டது. தேடி அலையவில்லை. கோயிலின் சுற்றுமதிலைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள்.

கும்பகோணம் பக்கம் இரவு தங்கப் போகிறவர்கள் அந்த அணை வழியாகப் போகலாம். அணைக்கரை என்று ஊருக்கே பெயர். பழைய குறுகலான பாலம். எதிரே ஒரு வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து ஒதுங்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் ஜன்னலை இறக்கினால் மதகுப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கீழே இருட்டு. சோழன் மதிலில் இருந்த கல் எது, பிறகு கொண்டுவந்த கல் எது என்று மேலிருந்து தெரியாது.